வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

“என் பேப்பர் எல்லாம் போச்சும்மா!” என்று ஜோதி ஃபோனில் அலறியபோது நாச்சியார் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைக்க மறந்துபோனாள். சூடு விரலைச் சுட்ட பிறகுதான் வைத்தாள்.

ஜோதி அலறுகிற ஆள் இல்லை. ஒரகடத்தை அடுத்த வல்லத்தில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைக்கூடத்துப் பொறியாளர். நிதானமான பெண்பிள்ளை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறாள். மழை நாளில் பஸ் வந்து நிற்கும்போது பிரேக் கிறீச்சென்று கத்துகிறதே, அது ஏன் கத்துகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நமக்கெல்லாம் காதைப் பொத்திக்கொண்டால் தீர்ந்துவிடுகிற சங்கதி. அவளுக்கு அதிலேயே ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதுவும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது.

“பதறாதீங்கக்கா. திரையில என்ன காட்டுது?” என்று கேட்டாள் நாச்சியார்.

“‘எதுவும் கிடைக்கவில்லை’ன்னு காட்டுது. எந்த பேரைத் தட்டினாலும் அதையே சொல்லுது. உன் புதுத் திரை எல்லாத்தையும் தின்னுட்ச்சும்மா!”

“ஃபில்டர் எதுவும் வச்சிருக்கீங்களா?”

“நான் ஒண்ணும் வெக்கல. எதுலயும் கை வெக்கல. வந்து உக்காந்தேன், தேடினேன், இல்லைன்னுது. அவ்ளோதான்.”

நாச்சியாருக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்த ஃபில்டர்தான். அதுவும் போயிற்று. ஜோதி பொய் சொல்ல மாட்டாள். கை வைக்கவில்லை என்றால் வைக்கவில்லைதான்.

“நாளைக்குக் கடைசி நாளும்மா,” என்றாள் ஜோதி. அதைச் சொல்லும்போது அந்த நிதானக்காரியின் குரல் உடைந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, நாச்சியார் செய்கிற வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஊரில் யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று முடித்துக்கொள்வாள். விளக்கப் புகுந்தால் பந்தியில் சோறு ஆறிவிடும். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருக்கிறது அவளுடைய கம்பெனி. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவர்கள் செய்யும் மென்பொருளுக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தாங்கள் படிக்கிற புத்தகம், கட்டுரை, ஐ.எஸ்.ஐ. மாதிரித் தரநிலை ஆவணம் எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாம். ஆய்வேட்டின் கடைசியில், எந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று பக்கம் பக்கமாக ஒரு பட்டியல் வருமே, அதை அதுவே கட்டிக் கொடுத்துவிடும். போட்டு வைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. போட்டதை வேண்டிய நேரத்தில் வெளியே எடுப்பதுதான் பெரும் பாடு. அப்படி எடுப்பதற்கான தேடல் திரையை வடிவமைப்பவள் நாச்சியார்.

பழைய திரையில் பெட்டிக்குக் கீழே பெட்டியாக ஏகப்பட்ட கட்டங்கள் இருந்தன. ஆசிரியர் பெயர் தனி, ஆண்டு தனி, பதிப்பகம் தனி. ரேஷன் கார்டு விண்ணப்பம் தோற்றது. நாச்சியார் அதையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு ஒரே ஒரு பெட்டி வைத்தாள். அதன் கீழே சில ஃபில்டர்கள்: ‘புத்தகம் மட்டும்’, ‘தமிழ் மட்டும்’, ‘தரநிலை மட்டும்’ என்று. ஒன்றைத் தொட்டால் அது மஞ்சளாக மாறும். ஓரத்தில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறியைத் தொட்டால் போய்விடும். அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நீலம் கண்ணில் படவில்லை, சிவப்பு மிரட்டியது. மஞ்சளைப் பார்க்காத கண்ணே கிடையாது என்று கடைசியில் மஞ்சளுக்கு வந்து சேர்ந்தாள்.

இன்னொன்றும் செய்தாள். வைத்த ஃபில்டர் திரையை மூடினாலும் போகாது, நாமாக எடுக்கும் வரை இருக்கும். சென்னைக் கல்லூரிகளில் போய் ஆராய்ச்சி மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தபோது, ‘ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து வைக்க வேண்டியிருக்கு’ என்று அத்தனை பேரும் அழுதார்கள். ஆளுக்கொரு மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகள். கம்பெனிக்கு முதலாளியும் புரோகிராமருமான சிவசங்கருக்கு இது பிடிக்கவில்லை. “வோணாம் நாச்சியார், மூடும்போது கிளியர் பண்ணிடு. இல்லாட்டி ஒரு நாள் மாட்டிப்போம்,” என்றார். நாச்சியார் விடவில்லை. ஒரு வாரம் சண்டை போட்டு ஜெயித்தாள். திங்கட்கிழமை புதுத் திரை எல்லோருக்கும் போயிற்று. இன்று வியாழன். மூன்றே நாளில் ஜோதியின் ஏழெட்டு வருஷம் காணோம்.

விஷயத்தைக் கேட்டதும் சிவசங்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இன்னாது, மொத்தமா காணோமா?”

“ஆமா சார்.”

“என் புரோகிராம் எதையும் அழிக்காதும்மா. எழுதிக் குடுக்கறேன். அழிக்கவே அழிக்காது,” என்றவர் குனிந்து திரையில் எதையோ திறந்து பார்த்தார். பிறகு மெல்ல, “ஒருவேளை பழசைப் புதுசுக்கு மாத்தும்போது…” என்று இழுத்தார்.

வேறு கம்பெனியாக இருந்தால் இங்கிருந்தே உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். ஜோதியின் சோதனைக்கூடத்துக் கணினிக்கு இன்டர்நெட் கிடையாது. பென் டிரைவ் செருகும் துளைகளையும் அடைத்துவிட்டார்கள். புதுத் திரையைக்கூட அந்தக் கம்பெனியின் கணினிப் பிரிவு ஆட்களே வாங்கி ஏற்றிக்கொண்டார்கள். பிரேக் சோதனை விவரங்கள் வெளியே போகக்கூடாதாம். ஆகவே ஆய்வேடு, மேற்கோள் எல்லாமே அந்த ஒரே கணினியில்தான். நகல் என்று ஒன்று உலகத்தில் இல்லை. சரி, திரையை ஒரு படம் எடுத்தாவது அனுப்பச் சொல்லலாம் என்றால், வாசலிலேயே எல்லோருடைய ஃபோன் கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள்.

“நீ நேராப் போய்ப் பாரு,” என்றார் சிவசங்கர். “நான் இங்க ஒவ்வொரு வரியா பாக்கறேன். கன்ஃபார்ம் ஆவற வரைக்கும் அழிஞ்சிட்ச்சுன்னு மட்டும் சொல்லிடாத.”

நாச்சியார் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். காலையில் பெய்த மழையில் சாலையெல்லாம் சேறு. பக்கத்தில் ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் மூன்று பேர் ஒரே ஃபோனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இவளுக்கு அவர்கள் சிரிப்பே பிடிக்கவில்லை. ஒரு திரையை அழகாக்குகிறேன் பேர்வழி என்று ஒருத்தியின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று அடித்துக்கொண்டது மனசு. பகுதிநேர ஆராய்ச்சிக்கு இத்தனை வருஷம்தான் என்று ஒரு கெடு உண்டு. ஜோதி அதைத் தாண்டி, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்பும் நாளை மாலையோடு முடிகிறது. நாளைக்கு ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை என்றால் பதிவு ரத்து. அப்புறம் பிரேக் ஏன் கத்துகிறது என்று அவள் பஸ் டிரைவரிடம்தான் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அப்பாவு அவள் ஃபோனை வாங்கி முன்னும் பின்னும் ஸ்டிக்கர் ஒட்டினார். இரும்பு முகப்பு வைத்த பூட்ஸ் ஒரு ஜோடியை நகர்த்தினார். அவள் காலுக்கு அது படகு.

“சின்ன சைஸ் இல்லையா?”

“இதான்மா கீது. பாத்து நடந்து போ, வுழுந்துடப் போற.”

அந்தப் பூட்ஸை இழுத்துக்கொண்டு அவள் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தாள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சோதனை இயந்திரம் நின்றிருந்தது. மூச்சு வாங்கியதில் அதன் மேல் கையை ஊன்றப் போனாள். அதற்குள் ஜோதி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

“மேல கை வெக்காத! அட்டை தொங்குது பாரு!”

இயந்திரத்தின் சுவிட்சில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. பூட்டோடு ஒரு மஞ்சள் அட்டை. அதில் யாரோ ஒருவருடைய பேரும் ஃபோட்டோவும்.

“யாரு பூட்டு போட்டாங்களோ அவங்க வந்துதான் எடுக்கணும்,” என்றாள் ஜோதி. “மேனேஜரே வந்தாலும் எடுக்கக் கூடாது. நாம பாட்டுக்கு எடுத்து சுவிட்சப் போட்டுட்டோம், உள்ள ஆளு இருந்தா இன்னா ஆவறது? இங்க சேர்ந்த மொத நாளு சொல்லித் தர்ற பாடமே அதான்.”

பாடம் சொன்னாளே தவிர, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. நாச்சியாரைக் கணினிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், தான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். “மொதல்ல பதறவே இல்லம்மா. செவ்வாக்கிழம தேடினேன், ரெண்டு தரநிலை வந்துச்சு. சரி, இருக்குதுன்னு நெனச்சேன். இன்னிக்குப் பட்டியலை சரிபார்க்க உக்காந்து ஒவ்வொரு ஆசிரியர் பேரா தட்டறேன், ஒருத்தர்கூட இல்ல. அத்தனை கட்டுரையும் நான் ஒண்ணொண்ணா படிச்சுப் போட்டது. எங்கேருந்து மறுபடி தேடுவேன், சொல்லு? எங்க வூட்டுக்காரருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா, ‘விட்டுத்தள்ளு, இத்தனை நாள் பட்டது போதும்’பாரு. அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்லம்மா.”

“தட்டிக் காட்டுங்கக்கா,” என்றாள் நாச்சியார்.

ஜோதி ஒரு பேரைத் தட்டினாள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று பளிச்சென்று வந்தது. அந்த இரண்டு வார்த்தையை எழுதியவளும் நாச்சியார்தான். இவ்வளவு சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது என்று பெருமைகூடப் பட்டிருந்தாள். இன்று அதைப் பார்க்கையில் சாவுச் செய்தி மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவள் கண் கொஞ்சம் கீழே இறங்கியது. தேடல் பெட்டிக்குக் கீழே ‘தரநிலை மட்டும்’ என்ற ஃபில்டர் மங்களகரமாக மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

நாச்சியார் கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். இருந்தது.

“அக்கா, இது என்னது?”

“அதுவா? அது சக்திகுமார் வெச்சது. என் ரிலீவரு, ரெண்டாவது ஷிஃப்டு. திங்கக்கெழம சாயந்திரம் ஏதோ தரநிலை தேடிக்கினு இருந்தான்.”

“நீங்க இதைப் பாத்தீங்களா?”

“பாக்காம? மஞ்சளா அடிக்குதே கண்ண! மொத நாளே பாத்துட்டேன்.”

“பின்ன ஏன்க்கா எடுக்கல?”

ஜோதி அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “இன்னாம்மா கேள்வி இது? அவன் வெச்சதுல நான் எப்படி கை வெப்பேன்? அதான் மஞ்சள் போட்டிருக்குதே. அவன் வெச்சது அவன் வேலைக்கு. என் வேலை வேற, அவன் வேலை வேற.”

நாச்சியாருக்கு முதலில் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியாது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தப் புண்ணியவதி வெண்ணெய்ச் சட்டியையே தினம் பார்த்து, ‘இது அடுத்த வீட்டுச் சட்டி’ என்று தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணில் படட்டும் என்று தேடித் தேடி மஞ்சளைப் பூசியது யார்? மஞ்சள் என்றால் ‘கை வைக்காதே’ என்று உயிருக்குப் பயந்து படித்த ஊரில் கொண்டுவந்து அதை வைத்தது யார்? ஒரு கணினியில் இரண்டு ஷிஃப்ட் உட்காரும் என்று ஒரு நிமிஷம் யோசிக்காதது யார்? மடிக்கணினிப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டுவிட்டு ஊருக்கே சட்டை தைத்த கதை.

“அக்கா, உங்க பேப்பர் எதுவும் போகல. இந்த ஃபில்டர் இருக்கதால தரநிலையத் தவிர மத்த எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கு. இதை எடுத்தா வந்துரும்,” என்று சொல்லிக்கொண்டே நாச்சியார் மௌஸைப் பிடித்தாள்.

“இரு!” ஜோதி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “நீ விசிட்டர். நீ கை வெக்கக் கூடாது.”

“அப்ப நீங்க எடுங்க.”

“அவன்கிட்ட கேக்க வேணாமா?”

“அக்கா! இது சும்மா தேடுற ஃபில்டர்க்கா. பூட்டு இல்ல. எடுத்தா ஒண்ணும் ஆகாது.”

“உனக்குத் தெரியும், ஆவாதுன்னு. எனக்கு? அவன் ஏதாவது பாதியில வெச்சிட்டுப் போயிருந்தா? நான் எடுத்து, அவன் வேலையும் போய், என் வேலையும் போச்சுன்னா?” என்றாள் ஜோதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே வரம் கேட்டவளும் பூசாரியும் ஒரே ஆள். ஆனால் அவள் உள்ளங்கை வேர்த்திருந்ததை நாச்சியார் கவனித்தாள். அடம் இல்லை அது, பயம். இருந்ததும் போய்விடுமோ என்கிற பயம். நாச்சியார் மௌஸை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

ஜோதி ஸ்பீக்கரில் போட்டுச் சக்திகுமாரைக் கூப்பிட்டாள். அவன் கோவில்பட்டிப் பையன். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். இரண்டாவது ஷிஃப்டோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டுத் தூங்குகிற நேரம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதுவும் ஓய்ந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது முறை எடுத்தான்.

“யாரு…?”

“சக்தி, நான் ஜோதி. கம்ப்யூட்டர்ல ‘தரநிலை மட்டும்’னு மஞ்சளா ஒண்ணு வெச்சிருக்கியே, அது இன்னும் வேணுமா?”

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி. “எந்த மஞ்சள்க்கா?”

“திங்கக்கெழம வெச்சியே!”

“ஏ யாத்தே, அதா? அத அன்னைக்கே தேடி முடிச்சிட்டேன்க்கா. மறந்துட்டு வந்திருக்கேன். எடுத்துருங்க.”

“எடுக்கலாமா?”

“எடுங்கக்கா. இதுக்காக்கா உறக்கத்துல எழுப்புனீக?”

ஜோதி ஃபோனை வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சின்னப் பெருக்கல் குறியில் மௌஸைக் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

மடை திறந்தாற்போல வந்தன. ஒரு வரி, அதன் கீழ் இன்னொரு வரி, அதன் கீழ் இன்னும். ஜப்பான்காரர் எழுதியது, ஜெர்மன்காரர் எழுதியது, கரக்பூரில் யாரோ எழுதியது. அவள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கிறுக்கி வைத்திருந்த குறிப்புகள்கூட அப்படியே இருந்தன. ஜோதி கண்ணைத் திறந்தாள். கீழே உருட்டினாள். உருட்டிக்கொண்டே போனாள். பிறகு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாச்சியாரும் அந்தப் படகுப் பூட்ஸோடு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிர் போய் உயிர் வந்தது இருவருக்கும்.

“வயித்துல பால வார்த்தடி தங்கச்சி,” என்றாள் ஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. உடனே கோபமும் வந்துவிட்டது. நாச்சியார் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். “ஆமா, கிடைக்கவில்லைன்னா இன்னா அர்த்தம்? இல்லைன்னுதானே அர்த்தம்? ‘இருக்குது, ஒளிச்சு வெச்சிருக்கேன்’னு ஒரு வார்த்த சொன்னா உன் பொட்டி வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?”

நாச்சியார் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அந்தத் திட்டு அவளுக்கு அப்போது தேனாக இருந்தது. இன்னும் இரண்டு திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டிக்கரைப் பிய்த்ததும் சிவசங்கருக்கு ஃபோன் போட்டாள். “இருக்கு சார்! எல்லாம் இருக்கு!”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. “அப்பாடா. தலைக்கு வந்தது தலைப்பாவோட போச்சு,” என்றார். விவரத்தைக் கேட்டதும், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். சொன்னார்தான். ஆனால் அப்பவே சொன்னவர்களை அந்த நேரத்தில் யாருக்குத்தான் பிடிக்கும்? நாச்சியார், “ஆமா சார், சொன்னீங்க,” என்று மட்டும் சொன்னாள். தோற்றதில்கூட அன்றைக்கு அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மத்தியானமே இரண்டு பேரும் உட்கார்ந்து திரையை மாற்றினார்கள். மூடினால் ஃபில்டர் போய்விடும். மஞ்சள் போயே போயிற்று. ‘எதுவும் கிடைக்கவில்லை’ இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் பிடித்தது. சிவசங்கர் இரண்டு வார்த்தையில் முடிக்கச் சொன்னார். நாச்சியார் எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் இப்படி வைத்தாள்: ‘உங்கள் நூல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒரு ஃபில்டர் சிலவற்றை மறைத்திருக்கிறது. எல்லாவற்றையும் காட்டவா?’

“ரொம்ப நீளம்,” என்றார் சிவசங்கர்.

“இருக்கட்டும் சார்,” என்றாள்.

மறுநாள் மதியம் ஜோதியே ஸ்கூட்டியில் ஒரகடம் வந்து ஹாரன் அடித்தாள். கம்பெனி அனுமதி வாங்கி, அச்சடித்து, கருநீல அட்டை போட்ட ஆய்வேடுகள் ஒரு பையில் கனத்துக் கிடந்தன. “ஏறு. பாதி உயிர் உன்னாலதான் போச்சு. மீதிப் பாதியையாவது நீயே கூட வந்து பாத்துக்கோ,” என்றாள். சிவசங்கர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பையை பிளாஸ்டிக்கில் சுற்றி, பிள்ளையைப் பிடிப்பதுபோல் மடியில் பிடித்துக்கொண்டு நாச்சியார் பின்னால் உட்கார்ந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரே ஒரு கவுன்ட்டர். கணினிக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜோதி பதிவெண்ணைச் சொன்னாள். அவர் நிதானமாகத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

“இந்த நம்பர்ல யாரும் இல்லையேம்மா.”

“நல்லா பாருங்க சார். ஜோதி. மெக்கானிக்கல்.”

“பேரைப் போட்டும் வரலையே. கெடு தாண்டி ரத்தாயிருக்கும். அப்பிடி ஆனா பேரு வராது.”

இதற்குத்தானா நேற்று அந்தப் பாடு? நாச்சியார் மடியில் சுமந்து வந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரும்பி ஜோதியைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தால், ஜோதி அழவில்லை, அலறவில்லை. கவுன்ட்டரின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, அந்த மனுஷருடைய திரையை மேலிருந்து கீழ் வரை படித்துக்கொண்டிருந்தாள்.

“சார், மேல மூலையில ‘முழுநேரம்’னு இருக்குதே, அது இன்னாது?”

“அதா? சசிகலா மேடம் உக்கார்ற சீட்டும்மா இது. அவங்க காலைல முழுநேர ஆளுங்க லிஸ்ட் எடுத்தாங்க. அதுக்கு வெச்சிருப்பாங்க.”

“நான் பகுதிநேரம் சார். அத எடுத்துட்டுத் தேடுங்க.”

அவர் மௌஸிலிருந்து கையையே எடுத்துவிட்டார். “அவங்க வெச்சத நான் எப்பிடிம்மா எடுக்கறது? ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. அவங்க வரட்டும். மீட்டிங்ல இருக்காங்க. இல்லாட்டி திங்கக்கெழம வாங்களேன்.”

நாச்சியாருக்கு வந்த ஆத்திரத்தில் காது சூடாகிவிட்டது. பேச வாயெடுத்தாள். அதற்குள் ஜோதி பேசினாள். சத்தமே போடவில்லை.

“சார், நானும் உங்கள மாதிரிதான். அடுத்தவங்க வெச்சதுல கையே வெக்க மாட்டேன். எங்க கம்பெனில பூட்டு போட்டா, போட்டவங்கதான் எடுக்கணும். ஏன் தெரியுமா? உள்ள ஆளு இருந்தா செத்துடுவான்னு. இதுல உள்ள மாட்டிக்கினு கீற ஆளே நான்தான் சார். எடுங்க.”

அந்த மனுஷர் அவளைப் பார்த்தார். நாச்சியார் நெஞ்சோடு அணைத்திருந்த பையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மௌஸை நகர்த்தி, அந்த மூலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஜோதி,” என்று திரையிலிருந்து வாசித்தார். “மெக்கானிக்கல். பகுதிநேரம். கடைசித் தேதி இன்னிக்கு.” பிறகு கையை நீட்டினார். “குடும்மா ஆய்வேட்டை.”

நாச்சியார் பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுத்தாள். ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த சத்தத்தில்தான் ஜோதி முதல் தடவையாகச் சிரித்தாள். ரசீதை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, “குடுத்தாச்சு,” என்று மட்டும் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, நடுரோட்டில் நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிரே இருந்த கடையில் டீ சொன்னார்கள். தூறல் விட்டிருந்தது. ஒரு டவுன் பஸ் வந்து ஸ்டாப்பிங்கில் நின்றது. பிரேக் கிறீச்சென்று கத்தியதில் கடைக்காரரே காதைப் பொத்திக்கொண்டார். நாச்சியார் பழக்கத்தில் ஜோதியைத் திரும்பிப் பார்த்தாள், ஏதாவது விளக்குவாள் என்று.

“கத்தட்டும்,” என்று டீயை ஆற்றினாள் ஜோதி. “ஏன் கத்துதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே அவங்க பாத்துக்கட்டும்.”